யன்னலடி விசாரணை

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் எழுத வந்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் கதைக்கச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதினால் யாரும் முகத்தைப் பார்க்கமாட்டார்கள் என்பதால்தான் இந்தத் துணிவு. (இதே துணிவுதான் முன்பும் ஒருமுறை என்னைக் கவிழ்த்தது.)

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சுன்னாகத்தில் ஒரு சிறிய தையல் கடை வைத்திருந்தேன். கரண்ட் இல்லாத காலம். அறைக்கு ஒரே ஒரு யன்னல். அதனடியில் என் மெஷின். வாசலடியில் ஒன்று, உள்சுவரடியில் ஒன்று. அவற்றில் மலரும், குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஜெசிந்தாவும் தைத்தார்கள். முந்தி வந்தவளுக்கு வாசலடி, பிந்தியவளுக்கு இருட்டு. இதனால் முதலில் தினமும் சண்டை. பிறகு இரண்டு மாதமாக இருவருக்கும் பேச்சே இல்லை.

பள்ளிக்கூடம் திறக்க ஒரு கிழமை இருந்தது. அறுபது வெள்ளைச் சட்டைகளுக்கு ஓடர். அது பிழைத்துப்போனால் கடையைப் பூட்ட வேண்டியதுதான். அந்த நேரம் பார்த்து மலர் ஒரு கொலரைத் தலைகீழாகத் தைத்துவிட்டாள்.

"கண் இல்லையோ உனக்கு?" என்றேன். (வருசம் முழுக்கக் கதைக்காதவள் ஒருநாள் கதைத்தால் இப்படித்தான் வரும்.)

"இருக்கு அக்கா. முறைப்பாடு குடுக்கத் தொழில் கந்தோருக்கு வழி தெரியிற அளவுக்கு இருக்கு," என்றாள்.

அன்று பின்னேரமே அக்காவின் புருசன், எங்கள் அத்தானிடம் போனேன். அவர் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், கிளாக்கராக இருந்து இளைப்பாறிப் பென்சன் எடுப்பவர்.

"கேஸ் வராமல் இருக்க ஒரே வழி விசாரணை, பிள்ளை. கேள்வியளை முதலே எழுதி வை. அவையள் சொல்லுறதை ஒரு எழுத்தும் மாத்தாமல் எழுது. கடைசியிலை கையெழுத்து வாங்கு. பிறகு ஒருத்தரும் வாய் திறக்கேலாது."

கேள்விகளையும் அவரே சொன்னார். கொப்பியில் எழுதிக்கொண்டேன். நிமிராமல் வாசித்தால் போதும் என்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

மறுநாள் இருவரையும் முன்னால் இருத்தினேன். எழுத வெளிச்சம் வேண்டுமே என்று நான் யன்னலடியிலேயே இருந்துகொண்டேன்.

"கேள்வி ஒன்று. பிணக்கு எதைப் பற்றியது?"

"வெளிச்சத்தைப் பற்றி," என்றாள் மலர். எழுதினேன்.

"கேள்வி இரண்டு. பிணக்குக்குக் காரணமானவர் யார்? பெயரும் பதவியும்."



"நீங்கள்தான் அக்கா," என்றாள் ஜெசிந்தா. "பதவி, முதலாளி."

அதையும் எழுதினேன். ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

"கேள்வி மூன்று. அவர் முன்னர் எச்சரிக்கப்பட்டாரா?"

"எப்பிடி எச்சரிக்கிறது? நீங்கள் நிமிர்ந்து பாத்தால்தானே சொல்லலாம்," என்றாள் மலர்.

அப்போதாவது கொப்பியை மூடியிருக்கலாம். ஆனால் இன்னும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. மூடுவதென்றால் நிமிர வேண்டும்.

"கேள்வி நான்கு. அவருக்கு என்ன தண்டனை கொடுக்கலாம்?"

"வேலையாலை நிப்பாட்டலாம்," என்றாள் மலர்.

"பாவமடி, பிள்ளைகுட்டிக்காரி," என்றாள் ஜெசிந்தா. "யன்னலடியை விட்டு எழும்பினால் போதும்."

இரண்டு மாதத்துக்குப் பிறகு இருவரும் ஒருவரோடொருவர் கதைத்தது அப்போதுதான். என் விசாரணையின் ஒரே வெற்றி அது. அவர்கள் கையெழுத்திட்டார்கள். விசாரணை செய்தவர் என்ற இடத்தில் நான் கையெழுத்திட்டேன். குற்றவாளி என்ற இடத்திலும் நானே கையெழுத்திட்டேன்.

பின்னேரம் அத்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொப்பியை இரண்டுதரம் வாசித்தார்.

"திறம். எல்லாம் முறைப்படி நடந்திருக்கு. இனி நீ அப்பீல் பண்ணேலாது."

இன்றைக்கும் எங்கள் வீட்டில் சீனிப் போத்தல் திறந்து கிடந்தால் என் மகள் என் முகத்தைப் பார்த்து, "அம்மா, கேள்வி இரண்டு," என்பாள்.

விசாரணைக்கு அடுத்த நாள் நான் சுவரடியில் இருந்து தைத்தேன். வெள்ளைத் துணியில் வெள்ளை நூல் தெரியவில்லை. மத்தியானத்துக்குள் இரண்டு கொலர்களைத் தலைகீழாகத் தைத்திருந்தேன். மலர் அவற்றை வாங்கித் தையலைப் பிரித்தாள்.