பார்த்துக்கொள்ளலாம்காரரின் சிங்கப்பூர் பயணம்

ஆவடியிலிருந்து அம்பத்தூர் வரை எந்த நிறுத்தத்தில் இறங்கினாலும் ஒரு பார்த்துக்கொள்ளலாம்காரரைச் சந்திக்காமல் நீங்கள் வீடு திரும்ப முடியாது. பார்க்க நம்மைப் போலவே இருப்பார். சட்டைப் பையில் பேனா இருக்கும்; ஆனால் அதை எடுத்து எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட மாட்டார். அந்த இனத்தின் வேதமே அதுதான்: கோர்ட் தபாலைக் கையெழுத்துப் போட்டு வாங்கினால்தான் வழக்கு நம்முடையது. வாங்காதவரை அது தபால்காரருடையது.

சமையலறையில் கேஸ் வாசனை வந்தாலும், லிஃப்ட் நடுவில் நின்றாலும், டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னாலும், கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனாலும் அவர் வாயிலிருந்து வருவது ஒரே வார்த்தை: "பாத்துக்கலாம்." யார் பார்ப்பது? எப்போது? அதைக் கேட்டால் உங்களுக்கும் அவருக்கும் பேச்சு வார்த்தை இருக்காது.

வெள்ளானூரில் என் எதிர் ஃபிளாட்டில் இருக்கும் பக்தவத்சலம் இந்த இனத்தின் தலைசிறந்த பிரதிநிதி. ஆவடித் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே ஒரு நட்டு குறைந்தால்கூட மூன்று பிரதி எழுதி மேலதிகாரியிடம் நீட்டுவாராம். வாழ்நாளில் பார்க்க வேண்டிய காகிதத்தையெல்லாம் அங்கேயே பார்த்து முடித்துவிட்டார் போலிருக்கிறது.

மூன்று வருடங்களுக்கு முன், எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் கார் நிறுத்தும் இடத்தைப் பற்றிய விவாதம் சூடுபிடித்தபோது, இவர் வீசிய எவர்சில்வர் டம்ளர் செயலாளர் இருதயராஜின் முன்பல் ஒன்றைப் பெயர்த்துவிட்டது. நமக்கு அது பல். சட்டத்துக்கு அது கொடுங்காயம். ஸ்டேஷனில் ஜாமீனுக்காகப் போட்ட ஒரே ஒரு கையெழுத்தை நினைத்து இன்றும் வருந்துகிறார். கேஸ் பூந்தமல்லி கோர்ட்டுக்குப் போனது, இவர் போகவில்லை. சம்மன் கொண்டு வந்த தபால்காரரிடம், "அவர் ஊர்ல இல்ல" என்று இவரே வாசலில் நின்று சொல்லி அனுப்பினார். கதவிடுக்கில் செருகிவிட்டுப் போன கவர்களெல்லாம் பிரிக்கப்படாமல் ஃபிரிட்ஜ் மேல், பழக்கூடைக்கு அடியில் போய்ச் சேர்ந்தன.

கடைசியில் வாரண்டோடு ஏட்டு பூபாலன் வந்தார். பக்தவத்சலம் பனியனோடு படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, ஏற்கெனவே பாடம் சொல்லிக்கொடுக்கப்பட்டிருந்த அவர் மனைவி ஞானம்மாள் வாசலுக்கு வந்தார்.

"சார் கீறாராம்மா?"

"அவரு வெளிநாடு பூட்டாருங்க."

"எந்த நாடு?"

இந்தக் கேள்வி பாடத்தில் இல்லை. ஞானம்மாள் தடுமாறி, மகள் தீபிகா இருக்கும் ஊரைச் சொல்லிவிட்டார்: "சிங்கப்பூருங்க."

பூபாலன் அதை நிதானமாக எழுதிக்கொண்டு இறங்கிப் போனார். பக்தவத்சலம் வெளியே வந்து மீசையைத் தடவினார். "நாட்லயே இல்லாத ஆள இன்னா பண்ணுவான்?"

நாட்டில் இல்லாத ஆளை என்ன செய்ய வேண்டும் என்று கோர்ட்டுக்குத் தெரியும். அவருக்குத்தான் தெரியாது.

போன மாதம் தீபிகாவுக்குப் பிரசவ நாள் நெருங்கியது. முதல் பிரசவம். மாப்பிள்ளைக்கு ஷிஃப்ட் வேலை. "அப்பா, நீ கூட இருந்தா எனக்கு பயமா இருக்காதுப்பா" என்று அவள் போனில் சொன்ன அன்று, இந்த மனிதர் பால்கனியில் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நானே பார்த்தேன். மறுநாளிலிருந்து பெட்டி கட்டும் வேலை. பிரசவ லேகியம், பூண்டு, சுக்கு, பழைய வேட்டியில் கிழித்த துணிகள். எல்லாம் இரண்டு முறை எடை பார்க்கப்பட்டன. பழக்கூடைக்கு அடியில் இருந்ததை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

"சார், அந்த வாரண்ட்?" என்று மெல்லக் கேட்டேன்.

"அது பூந்தமல்லில கீது. ஏர்போர்ட்டு மீனம்பாக்கத்துல கீது. ரெண்டுக்கும் இன்னா சம்பந்தம்? பாத்துக்கலாம் நைனா."

காலை விமானம். குடியேற்றச் சோதனைக் கவுண்டரில் ஞானம்மாளின் பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்தது. பக்தவத்சலத்தின் பாஸ்போர்ட்டை வைத்தபோது, அதிகாரி திரையைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். பிறகு, "சார், கொஞ்சம் அந்த ரூம்ல உட்காருங்க" என்று மரியாதையாகச் சொன்னார். வெளிநாட்டில் இருக்கும் எதிரி (கோர்ட் பாஷையில் குற்றம் சாட்டப்பட்டவர்) நாட்டுக்குள் வந்தாலும் சரி, வெளியே கிளம்பினாலும் சரி, பிடித்துவையுங்கள் என்று எல்லா விமான நிலையங்களுக்கும் தகவல் போய் ஒரு வருடம் ஆகிவிட்டதாம்.

ஞானம்மாள் மாலில் எஸ்கலேட்டரைக்கூடக் கண்ணை மூடிக்கொண்டு ஏறுகிறவர். திரும்பிவிடுவார் என்றுதான் கணவர் நினைத்தார். அவரோ கணவரின் கைப்பையிலிருந்து தன் டிக்கெட்டை எடுத்துக்கொண்டார்.

"நான் போறேன். புள்ள தனியா கீறா. இனிமே யார்னா வந்து கேட்டா, ஊட்லதான் கீறேன்னு நீங்களே சொல்லிக்கோங்க."

அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். லேகியமும் அவரோடு போனது.

இரண்டு மணி நேரம் கழித்து ஸ்டேஷன் ஜீப்பில் வந்திறங்கிய பூபாலன், முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் கேட்டார்: "சிங்கப்பூர்லேர்ந்து எப்ப சார் வந்தீங்க?"

கோர்ட் பக்தவத்சலத்தை ஜாமீனில் விட்டது, பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டது. அடுத்த வாய்தா நாளில், பூந்தமல்லி கோர்ட் வராந்தாவில், போன் திரையில் பேத்தியின் முகத்தைப் பார்த்தார். படம் அடிக்கடி நின்று நின்று வந்தது. "தாத்தா எங்க கீறாரு பாரு" என்று ஞானம்மாள் குழந்தைக்குக் காட்டினார். உள்ளே பேர் கூப்பிட்டார்கள். அவர் போனை, துணைக்குப் போயிருந்த என்னிடம் கொடுத்துவிட்டு ஓடினார். முதல் அழைப்பிலேயே ஆஜரான எதிரி அன்று அவர் ஒருவர்தான்.

நீங்கள் அப்படிப்பட்ட ஆள் இல்லை, எனக்குத் தெரியும். உங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் இருப்பது ஏதோ பழைய கல்யாணப் பத்திரிகைதான். பழுப்புக் கவரில், அரசு முத்திரையோடு, யாராவது பத்திரிகை வைத்திருப்பார்கள். எழுந்து போய் ஒருமுறை பிரித்துப் பார்த்துவிடுங்களேன்.

என்ன சொன்னீர்கள்? அப்புறம் பார்த்துக்கொள்ளலாமா?