நாற்பத்தெட்டாயிரம் இடிக்குது

எப்படிக் கூட்டினாலும் நாற்பத்தெட்டாயிரம் ரூபாய் இடித்தது.

இளஞ்செழியன் மேலிருந்து கீழே கூட்டினார். கீழிருந்து மேலே கூட்டினார். செல்போனில் கூட்டி, அதன்மேல் நம்பிக்கை போய், ரைஸ்மில் மேஜையில் கிடந்த கால்குலேட்டரில் மறுபடி கூட்டினார். மூன்று லட்சத்து நாற்பத்தெட்டாயிரம் என்று அதுவும் பல்லைக் காட்டியது.

மாவட்டக் கபடி லீக் இந்த வருடம் போட்ட உச்சவரம்பு மூன்று லட்சம். ஆறு மாத சீசனுக்கு ஒரு டீம் சம்பளமாக அதற்குமேல் ஒரு பைசா கொடுக்கக் கூடாது. யார் யாரை வைத்துக்கொள்கிறோம் என்ற பட்டியல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் கள்ளக்குறிச்சி லீக் ஆபீசுக்குப் போய்ச் சேர வேண்டும். பட்டியலில் பேர் இல்லாதவனை ஐந்து மணி ஒரு நிமிடத்துக்கு எந்த டீமும் கொத்திக்கொண்டு போகலாம். பட்டியலே வரம்பைத் தாண்டியிருந்தால் இன்னும் மோசம், மொத்த டீமும் அவிழ்த்து விட்ட மாடுதான்.

அன்று வெள்ளிக்கிழமை. மணி எட்டு.

திருக்கோவிலூர் தென்பெண்ணை காளைகளுக்கு இளஞ்செழியன் மேனேஜர். அதற்கு முன் செல்போன் கடை வைத்து மூடினார், அதற்கும் முன் ஜெராக்ஸ் கடை வைத்து மூடினார். வாழ்க்கையில் நாலு பேர் "சார்" என்று கூப்பிட்டது இந்த வேலையில்தான். மாதச் சம்பளம் எட்டாயிரம். இதுவும் போனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று மனைவி ரம்யா சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள், இரண்டு தடவை செய்தும் இருக்கிறாள்.

டீமின் முதலாளி, மில்காரர் செல்லமுத்து, போன வாரம் இன்னும் சுருக்கமாகச் சொன்னார். "வெற்றிசெல்வன் இல்லன்னா நீயும் இல்ல." வெற்றிசெல்வன் கல்வராயன் மலையில் கரியாலூர்க்காரன். எதிராளி களத்துக்குள் பாடிப் போய்த் தொட்டுவிட்டுத் திரும்புவதில் மாவட்டத்தில் அவனுக்கு ஜோடி கிடையாது. சம்பளம் தொண்ணூறாயிரம். செங்கல் சூளைக்காரர் ஒருவர், எதிர் டீமின் முதலாளி, அவனுக்காக நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்.

சூளைக்காரரிடம் இளஞ்செழியனுக்கு ஒரு பழைய பகை உண்டு. அந்த மனிதர் தன் பெரிய ஆட்டக்காரன் ஒருவனை மேனேஜர் என்று எழுதி, அவன் சம்பளத்தை வரம்புக்கு வெளியே ஒளிக்கப் பார்த்தார். லீக் கூட்டத்தில் இளஞ்செழியன் எழுந்து நின்று, மேனேஜர் சம்பளத்தையும் கூட்டில் சேர்க்க வேண்டும் என்று வாதாடி, அதைப் பதினாலாவது விதியாக எழுத வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். சூளைக்காரர் முகம் கருத்துப் போனதைச் சாப்பாட்டுக்கு நடுவில் நினைத்துக்கொண்டு இன்றும் சிரிப்பார். இளஞ்செழியன் வாழ்நாளில் ஜெயித்தது அந்த ஒன்றுதான்.

ஒன்பதாம் தடவை கூட்டிக்கொண்டிருந்தபோது முதலாளி வந்தார். கையில் தட்டு, தட்டில் வெற்றிலை பாக்கு, அதன்மேல் பச்சைக் கரை போட்ட புதுத் துண்டு. மூலையில் மில் பேர் நெய்திருந்தது. பின்னால் ஒரு ஆள் அரிசிப் பையோடு நின்றான். முதலாளி துண்டைப் பிரித்து இளஞ்செழியன் தோளில் போட்டார். ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரில் இருந்த காலண்டரிடம்தான் பேசினார்.

"போன வாரம் இன்னாவோ கோவத்துல பேசிட்டேன். மனசுல ஒண்ணும் வெச்சிக்காத செழியா. நீ இனிமே அலைய வாணாம். வூட்டுக்குப் போ."

"நாப்பத்தெட்டு இடிக்குதுங்களே."

"அத்த நான் பாத்துக்கறேன்."

இரண்டு வருடத்தில் முதலாளி கையால் ஒரு வடை கூட வாங்கித் தின்றதில்லை. இன்று துண்டு, தாம்பூலம், அரிசி. இப்படி மரியாதை செய்த மனிதரை விட்டுவிட்டு வீட்டில் போய்ப் படுப்பவன் மனுஷனா? சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டு வந்து நிற்கிறேன் என்றார் இளஞ்செழியன். முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார், இருமினார், உள்ளே போய்விட்டார். அதற்கப்புறம் போன் எடுக்கவே இல்லை.

முதல் யோசனை ஆகாஷ். முதலாளி மனைவியின் தங்கை மகன், பெஞ்சைத் தேய்ப்பதற்கு இருபதாயிரம் வாங்குகிறவன். மில்லுக்குப் பின்னால் முதலாளி வீட்டிலேயே தங்கியிருந்தான். இன்று பேப்பரில் விடுவித்துவிட்டு நாளைக்குப் பாதிச் சம்பளத்துக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், யாருக்கும் நஷ்டமில்லை என்று இளஞ்செழியன் கணக்குப் போட்டார்.

முதலாளி மனைவி லட்சுமியம்மாள் இவர் தோளைப் பார்த்தாள். இலை போட்டாள். பொங்கலில் நெய்யை ஊற்றினாள், நிறுத்தவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெங்காயம் அரிஞ்சேன் என்றாள். கையில் இருந்தது முருங்கைக்காய்.

ஆகாஷ் விஷயத்தைக் கேட்டுவிட்டு நெளிந்தான். பெரியப்பாவிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்களேன் என்று இழுத்தான். அந்த நேரம் பார்த்து அவன் போன் மினுங்கியது. வெளியே வந்தால் முப்பத்தைந்தாயிரம் தருவதாகச் சூளைக்காரர் அனுப்பிய செய்தி. முதலாளி வீட்டுப் பிள்ளையைச் சூளைக்காரனுக்குத் தாரை வார்த்தால் என்ன ஆகும் என்று இளஞ்செழியன் நினைத்துப் பார்த்தார். விடுவிக்கவில்லை, முப்பதாயிரமாக ஏற்றித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்.

வேலியில் போன ஓணானை வேட்டியில் விட்டுக்கொண்ட கதை. இப்போது ஐம்பத்தெட்டாயிரம் இடித்தது.

அரிசிப் பையை வண்டியில் கட்டிக்கொண்டு களமருதூருக்கு விட்டார். அங்கே இருசப்பன் நாற்றங்காலில் நின்றுகொண்டிருந்தார். இடது கார்னரில் நின்று ஆளின் கணுக்காலைப் பிடித்தால் முதலை மாதிரி விடாதவர், ஆனால் வயது முப்பத்தெட்டு, முட்டியில் வீக்கம். நாற்பதாயிரம். விட்டுவிட வேண்டியதுதான் என்று கல்லாக்கிய மனதோடு வரப்பில் நடந்தார் இளஞ்செழியன்.

இருசப்பன் அந்த மில்லுக்கு வருடா வருடம் நெல் போடுகிறவர். துண்டைப் பார்த்ததும் சேற்றுக் கையைக் கழுவிக்கொண்டு மேலே ஏறி வந்தார். விடுவிக்கப் போவதாகச் சொன்னபோது கோபமே இல்லை.

"எனுக்கு இன்னா சார், நெலம் கெடக்கு. உன் பாடுதான். புள்ள இன்னா படிக்குது?"

பன்னிரண்டாவது என்றார் இளஞ்செழியன். இருசப்பன் 'உச்' கொட்டினார். மனைவியைக் கூப்பிட்டு ஒரு பெரிய பூசணிக்காயைப் பறித்துவரச் சொல்லி, தானே வண்டியில் கட்டினார்.

பாதி வழியில்தான் உறைத்தது. ஆட்டக்காரனை நடுவில் விட்டால் பாதிச் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும், அதுவும் கூட்டில் சேரும். அந்த ஒப்பந்தத்தை எழுதியதும் இந்த மகாராசன்தான். ஆக மிச்சம் வெறும் இருபதாயிரம். இடது கார்னருக்கு வேறு ஆள் வேண்டுமே என்று புளியமரத்தடியில் நின்று சுபாஷ் என்ற பையனுக்குப் போன் போட்டார். காலையிலிருந்து எல்லா டீமும் போன் போட்டதில் அவனுக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது. முப்பத்தைந்துக்குக் கீழே இறங்கவில்லை. சரி என்று சொன்ன பிறகு கூட்டிப் பார்த்தார். எழுபத்துமூன்றாயிரம்.

மதியம் ஒரு மணிக்கு மலை ஏறினார். வளைவுக்கு வளைவு வண்டி முனகியது, பூசணிக்காய் இடித்தது. ஆனாலும் தோளில் துண்டு இருந்தது. எதிரே வந்த பஸ்காரன் கூட அதைத் திரும்பிப் பார்த்த மாதிரி இவருக்குப் பட்டது.

கரியாலூரில் வெற்றிசெல்வன் வீட்டு வாசலில் சாமை காய்ந்தது. அவன் அம்மா சாலம்மாள் ஒரு காலத்தில் மலையிறங்கிப் போய் அந்த மில்லில் நெல் துழாவியவள். அவள் கிட்டே வந்து, துண்டின் மூலையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, உள்ளே போய்க் கோழியைப் பிடிக்கச் சொன்னாள். வெற்றிசெல்வன் தன் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டான். அவன் மச்சான் கரியனும் எழுந்து நின்றான். அவனும் கார்னர் ஆடுகிறவன்தான், போன வருடத்திலிருந்து டீம் கிடைக்காமல் கிடந்தான்.

இளஞ்செழியன் சுற்றி வளைக்கவில்லை. சம்பளத்தில் கொஞ்சம் குறைத்துக்கொள், இல்லாவிட்டால் என் பிழைப்புப் போய்விடும் என்று நேராகக் கேட்டார். கேட்கும்போது குரல் உடைந்துவிட்டது. ஆட்டக்காரன் முன்னால் இப்படி நிற்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

"எவ்ளோ வேணா கம்மி பண்ணிக்கோங்க சார்," என்றான் வெற்றிசெல்வன். "உங்குளுக்குன்னா நான் சும்மா கூட ஆடுவேன். எனுக்கு மொத மொத ஷூ வாங்கிக் குடுத்தது நீங்கதான்."

முப்பதாயிரம் குறைந்தது. நாற்பத்துமூன்று. காலையிலிருந்து முதல் தடவையாக எண் இறங்கியிருந்தது. ஆனால் சொல்லிவிட்டு வெற்றிசெல்வன் தலையைக் குனிந்துகொண்டான், மச்சானும் தரையைப் பார்த்தான். ஓகோ, மச்சானுக்கு எதுவும் இல்லாமல் தான் மட்டும் போக யோசிக்கிறான் என்று இளஞ்செழியன் புரிந்துகொண்டார். மனம் மாறி இவன் சூளைக்காரனிடம் போய்விட்டால்? வேலை அதோடு சரி. யாரும் கேட்காமலே, கரியனையும் நாற்பதாயிரத்துக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

கரியன் திடுக்கிட்டு, "நீங்க எப்பிடி சார்…" என்று ஆரம்பித்தான். வெற்றிசெல்வன் அவன் காலை மிதித்தான்.

"சரிங்க சார்," என்றான் கரியன்.

எண்பத்துமூன்றாயிரம்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பினது போதாதென்று, அந்தப் பூதத்துக்குச் சம்பளமும் பேசிவிட்டு மலையிறங்கினார் இளஞ்செழியன். சாலம்மாள் ஒரு பை சாமையும் ஒரு பாட்டில் மலைத்தேனும் கட்டிக் கொடுத்திருந்தாள். கொஞ்ச நாளைக்கு ஓடும் சார் என்று சொன்னாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அரிசி, பூசணி, சாமை, தேன் என்று வண்டி சீர்வரிசை வண்டி மாதிரி வந்தது. தன்மேல் இத்தனை பேருக்கு இவ்வளவு பிரியம் என்று அவருக்கு இதுநாள் வரை தெரியாது. இப்படிப்பட்டவர்களை விட்டுப் போக வேண்டி வந்தால் என்ன செய்வேன் என்று நினைத்தபோது வளைவில் கண் மறைத்தது. வண்டியை ஓரம் கட்டி, துண்டு அழுக்காகக் கூடாதே என்று சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார்.

லீக் ஆபீசுக்குள் நுழைந்தபோது மணி ஐந்துக்கு எட்டு நிமிடம் இருந்தது. கவுண்டரில் ராதிகா என்ற பெண் இருந்தாள். திங்கட்கிழமை வரை தவணை கொடும்மா, வேண்டுமானால் காலில் விழுகிறேன் என்று இளஞ்செழியன் ஒரே மூச்சில் ஆரம்பித்தார். எண்பத்துமூன்றாயிரத்தின் கதையைக் களமருதூர் வரை சொல்லிவிட்டார். அவள்தான் நிறுத்தினாள்.

"சார், உங்க லிஸ்ட்டு காலையில பத்து மணிக்கே வந்துடுச்சி. உங்க மொதலாளியே எடுத்துக்கினு வந்தாரு."

பேப்பரைத் திருப்பிக் காட்டினாள். வெற்றிசெல்வன் இருந்தான், தொண்ணூறாயிரம். இருசப்பன் இருந்தார், நாற்பதாயிரம். ஆகாஷ் கூட இருந்தான், பழைய இருபதாயிரத்துக்கே. ஒரு ஆட்டக்காரனும் போகவில்லை, ஒருவனுக்கும் ஒரு ரூபாய் குறையவில்லை. அடியில் முதலாளியின் கோணல் கையெழுத்து, பக்கத்தில் லீக் முத்திரை.

இளஞ்செழியன் சந்தோஷத்தில் அதை இரண்டு தடவை படித்தார். பெஞ்சில் உட்கார்ந்தார். வெற்றிசெல்வன் இருக்கிறான். அப்படியானால் வேலையும் இருக்கிறது. ரம்யாவின் பெட்டி பரண்மேலேயே இருக்கட்டும்.

"மொதலாளின்னா மொதலாளிதாம்மா," என்றார். "ஒருத்தனும் போவாம நாப்பத்தெட்ட எப்பிடிக் கொறச்சாரு? கூட்டல்ல தப்பு இருக்கப் போவுது, பாத்துக்க."

"நான் ரெண்டு வாட்டி கூட்டிப் பாத்துட்டேன் சார். நீங்க கொண்டாந்தீங்களே, மேனேஜர் சம்பளத்துக்குப் பதினாலாவது விதி, அதும்படியும் பாத்துட்டேன். கரெக்டா மூணு லட்சம் வருது."

தன் விதியை அவள் ஞாபகம் வைத்திருந்ததில் இளஞ்செழியனுக்குப் பெருமை தாங்கவில்லை. துண்டை நீவி, மில் பேர் தெரிகிற மாதிரி மூலையை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டார். முதலாளி இன்று காலையில் தன் கையாலேயே போட்டது என்று அவளிடம் சொன்னார்.

ராதிகா தன் டீயை எடுத்து அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். கொஞ்ச நேரம் அந்தப் பச்சைக் கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பா அந்த மில்லுல இருவது வருசம் மூட்ட தூக்கினாரு சார். கணக்க முடிச்சி வூட்டுக்கு அனுப்புன அன்னிக்கி, அவரு தோள்லயும் இதே துண்டுதான் போட்டு அனுப்புனாங்க."