இஞ்சினியர் வருகிறார் என்று வெள்ளையடித்தவன்

பெங்களூரில் எங்கள் சந்துக்குக் கிடைக்க இருந்த வீடுகளைக் கிடைக்காமல் செய்யப் பார்த்த ஆள் நான்தான். அரசியல்வாதியோ பில்டரோ அல்ல. ஒரு வாளி சுண்ணாம்பையும் இரவல் சாட்டின் துணியையும் வைத்தே அந்தக் காரியத்தைக் கிட்டத்தட்ட முடித்துவிட்டேன்.

சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் எங்கள் சந்து. தகரக் கூரை போட்ட பத்துக்குப் பத்து அறை. அதில் அம்மா, அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், அத்தை, நான். பக்கத்து வீட்டில் ஃபிலோமினாக்கா. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவள்.

ஏழைகளுக்கு வீடு கட்ட பட்ஜெட்டில் ஒதுக்கும் பணம், மார்ச்சுக்குள் செலவாகாவிட்டால் வேறு வேலைக்குப் போய்விடுகிறது என்பதை எங்கள் சந்தில் முதலில் கண்டுபிடித்தவள் அவள்தான். அதற்குப் பிறகு ஒரு வார்டு கூட்டத்தையும் விட்டதில்லை. டூட்டி முடிந்த கையோடு ஃபைலும் கையுமாகப் போய் முன்வரிசையில் உட்காருவாள். "போன வருஷத்து வீட்டுப் பணம் எங்க சார் போச்சு?" என்று ஆரம்பிப்பாள். ஊருக்கு வெளியே வீடு தருகிறோம் என்று ஒரு அதிகாரி சொன்னபோது, "காலைல ஆறு மணி டூட்டிக்கு உங்க ஜீப்ப அனுப்புவீங்களா?" என்று கேட்டாள். அவர் தண்ணீர் குடித்தார். கடைசியில் இருக்கிற இடத்திலேயே கட்டித் தர ஒத்துக்கொண்டார்கள். இஞ்சினியர் வந்து பார்த்து, குடியிருக்க லாயக்கில்லாத வீடுகள் என்று எழுத வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. எழுதாவிட்டால் அந்த வருடப் பணமும் போச்சு.

நான் எங்கள் சந்து சங்கத்தின் செயலாளர். (எலெக்ட்ரானிக் சிட்டியில் டேட்டா என்ட்ரி, கழுத்தில் ஐடி கார்டு. தகுதி அவ்வளவுதான்.) இஞ்சினியர் வரும் நாளில் அக்காவுக்குக் காலை டூட்டி. "பர்மிஷன் போட்டு பதினோரு மணிக்கு வந்துடறேன். நீ ஒண்ணும் பண்ணாத தம்பி. வந்தா உக்கார வை, போதும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒன்றும் பண்ணாமல் இருந்திருக்கலாம். ஆனால் கவர்மெண்ட் ஆபீசர் வருகிறார், சந்தின் முதல் வீடு எங்களுடையது, அதற்குள்தான் முதலில் நுழைவார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அக்கா தலை மறைந்ததும் சுவருக்கு வெள்ளையடித்தேன். ஷாமியானா கடை பாயிடம் முந்தின நாளே கேட்டு வாங்கி வைத்திருந்த பிங்க் சாட்டின் துணியை, ஓட்டைத் தகரம் தெரியாதபடி மடிப்பு மடிப்பாக மேலே கட்டினேன். (நடுவில் தாமரை டிசைன் வேறு.) பீரோ, தையல் மெஷின், தண்ணீர் டிரம், பாய் மூட்டை எல்லாம் பக்கத்து சர்ச் காம்பவுண்டுக்குப் போயின. கூட்டமாகத் தெரியக் கூடாது என்று வீட்டு ஆட்களையும் அங்கேயே அனுப்பினேன். நைட் டூட்டி முடிந்து அப்போதுதான் கண்ணை மூடியிருந்த அண்ணனைக்கூட எழுப்பி அனுப்பினேன். "யாருக்குடா கல்யாணம்?" என்று கேட்டுக்கொண்டே போனாள் அத்தை.

இஞ்சினியர் பத்தரைக்கே வந்துவிட்டார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மேலே பார்த்தார்.

"தும்ப சென்னாகிதே!" என்றார். ரொம்ப நன்றாக இருக்கிறதாம்.

எத்தனை பேர் என்று கேட்டார். "மூணே பேர் சார்" என்றேன் பெருமையாக. ஏழு என்று சொல்ல நாக்கு வரவில்லை. "என் குவார்ட்டர்ஸ்கூட இப்படி இல்லப்பா" என்று கன்னடத்தில் பெருமூச்சு விட்டுவிட்டுப் பேனாவைத் திறந்தார். எட்டிப் பார்த்தேன். சந்து முழுக்கச் சேர்த்து 'குட் கண்டிஷன்' என்று எழுதியிருந்தார். பரீட்சையில் நல்ல மார்க் வாங்கியதுபோல ஒரு நொடி சந்தோஷமாகக்கூட இருந்தது. அடுத்த நொடிதான் அவர் எழுத வேண்டியது 'லாயக்கில்லை' என்பது உறைத்தது.

அப்போதுதான் ஆஸ்பத்திரி யூனிஃபார்மோடு அக்கா வாசலில் வந்து நின்றாள். சுவரைப் பார்த்தாள், தாமரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இன்னா தம்பி இது?"

அவள் இஞ்சினியர் பக்கம் திரும்பி, காபி குடிக்காமல் போகக் கூடாது என்று கன்னடத்தில் கெஞ்சி உட்கார வைத்தாள். பிறகு சர்ச் பக்கம் பார்த்து ஒரு குரல் கொடுத்தாள்.

"எல்லாரும் சாமானத்த எடுத்துனு வாங்க! எது எங்க இருந்துச்சோ அங்கயே வைங்க!"

முதலில் பீரோ வந்தது. "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி சார்" என்று கொஞ்சம் ஒதுங்கச் சொன்னாள் அக்கா. அவர் இடது காலை எடுத்தார். டிரம் வந்தது, வலது காலையும் எடுத்தார். தையல் மெஷின், அம்மா, அண்ணி, பிள்ளைகள், அத்தை, தள்ளாடிக்கொண்டு அண்ணன். வைக்க இடமில்லாததால் பாய் மூட்டை இஞ்சினியர் மடிக்குப் போனது. காபி டம்ளர் நாலு கை மாறி, தலைகளுக்கு மேலாக வந்து சேர்ந்தது.

மூட்டைக்குப் பின்னாலிருந்து அவர் குரல் மட்டும் கேட்டது. "இத்தனை பேரும் எங்கம்மா படுப்பீங்க?"

"முறை வச்சுத்தான் சார் படுக்கறாங்க. இவங்க அண்ணன் நைட் டூட்டி கேட்டு வாங்கினதே அதுக்குத்தான்" என்றாள் அக்கா.

அண்ணன் தரையைப் பார்த்தான். எனக்கு அது அன்றுவரை தெரியாது. ராத்திரி நான் கால் நீட்டிப் படுத்த இடம் அவனுடையது.

அக்கா தாமரையின் ஒரு முனையை அவிழ்த்தாள். தகர ஓட்டைகள் வழியாக வெயில் அவருடைய காகிதத்தில் விழுந்தது. அவர் எழுதியதை அடித்துவிட்டு, லாயக்கில்லை என்று எழுதினார்.

நான் ஒளித்துவைத்த வீட்டை, அவள் இத்தனை வருடமாக எத்தனையோ மேஜைகளுக்கு முன்னால் கூசாமல் எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளைப்போல ஒரு தைரியசாலியை நான் பார்த்ததில்லை. அன்று அவள் என்னைத் திட்டக்கூட இல்லை. "மனசு நல்ல மனசுதான். புத்திதான் லீவுல போயிருக்குது" என்றாள்.

அதற்குப் பிறகும் அவள் எத்தனையோ படி ஏறி இறங்கித்தான் அதே இடத்தில் நாலு மாடிக் கட்டடம் எழும்பியது. எங்களுக்கு இரண்டாவது மாடி. விருந்தாளி வருகிறார்கள் என்று நான் துடைப்பத்தை எடுத்தால் போதும், வீடே சிரிக்கும். "போதும்டா, இன்னும் தொடச்சா வீட்டத் திருப்பிக் கேட்டுடுவாங்க" என்பாள் அம்மா.

சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். சொல்லிவிட்டு ஒருமுறை வாசலைத் திரும்பிப் பார்ப்பாள்.