புவனகிரியில் ஒரு செவர்லே சுயம்வரம்

முந்திரி விளையும் அண்ணாகிராமத்து மண்ணில் உதித்து, கடலூர் மாநகரில் மாடிமேல் மாடி எழுப்பி, முந்திரிக்கொட்டை வணிகத்தால் செல்வமும் முந்திரிக்கொட்டைக் குணத்தால் புகழும் ஈட்டியவரும், நீதிமன்றத்தில் தோற்ற வழக்கையும் டீக்கடையில் வென்று காட்டும் நாவலிமை படைத்தவருமாகிய கொளஞ்சியப்பனார் நீடு வாழ்க என முதற்கண் வணங்கிக்கொள்வோம். வணங்காமல் தொடங்கினால் அவரே வந்து வணங்கச் சொல்வார். அந்தச் சிரமத்தை அவருக்கு வைக்க வேண்டாம்.

போர் மூண்ட காரணம் ஒரு பந்தி. மகள் வினோதினியின் நிச்சயதார்த்தத்தன்று சம்பந்தி இலையை வழித்தபடியே ஒரு சொல் உதிர்த்தார்.

“எங்க தாத்தா அந்தக் காலத்துலயே அமெரிக்கா கார்லதான் கல்யாணம் கட்னாரு.”

வேறொருவர் காதில் இது ரசத்தோடு கரைந்திருக்கும். கொளஞ்சியப்பனார் நெஞ்சிலோ நஞ்சு தோய்ந்த வேலெனப் பாய்ந்து, பாயசத்தையும் தாண்டி உள்ளே இறங்கியது. சிதம்பரத்தில் பெண்ணழைப்பு நடக்கும் நாளில் தன் மகள் அமெரிக்கத் தேரேறி வருவாள், இல்லையேல் தான் மீசை வைத்திருப்பதில் பொருளில்லை என்று அன்றே சூளுரைத்தார். மகளிடமும் அறிவித்தார். அவள் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கினாள்.

“அதுல ஏசி இருக்குமாப்பா?”

“அது ராஜா வண்டிம்மா. அதுக்கு எதுக்கு ஏசி?”

“சித்திரை மாசம்ப்பா,” என்று சொல்லிவிட்டு அவள் மறுபடியும் குனிந்துகொண்டாள்.

அன்று தொடங்கிற்று திக்குவிசயம். கடலூர் முதுநகரின் இருண்ட கிடங்குகளில் சிலந்திப்படை கிழித்து நுழைந்தும், அம்பாசடருக்குத் தகரத்தில் இறக்கை ஒட்டி “ஒரிஜினல் அமெரிக்கா சார்” என்று விற்க வந்த தரகனை ஒருகணம் நம்பியே விட்டும், பண்ருட்டி அருகே புளியமரத்தடியில் கிடந்த லாரித் தலை ஒன்றைச் சுற்றிவந்து வண்டியின் மற்ற பாகம் எங்கே என்று கேட்டு அங்கு மேய்ந்த ஆடுகளாலும் இகழப்பட்டும், செருப்பு தேய, சட்டை கிழிய, சினம் மட்டும் குன்றாமல் அலைந்தார் அப்பெருமகனார்.

இவருக்கு ஒரு பகைவரும் உண்டு. வீரன் என்றிருந்தால் பகைவன் வேண்டுமல்லவா, அவரைப் பெண் கொடுத்த வீடே தந்திருந்தது. மனைவியின் தம்பி திருநாவுக்கரசு சிதம்பரத்தில் பந்தலும் சீரியல் விளக்கும் போடும் தொழில் செய்பவர், ஜேசிபி ஒன்றும் உடையவர். அக்காள் கணவரின் ஆசை காதில் விழுந்ததும் அவருக்கும் அதே ஆசை பிறந்தது. அவரும் ஒரு பிரகடனம் விடுத்தார்.

“பொண்ண அழைச்சிகிட்டு வர்ற வண்டி தாய்மாமன் வண்டிதான் மாமா. அது என் சீரு. அதுல நீங்க தலையிடக் கூடாது.”

“பெத்தவன் நான் இருக்கேன் மச்சான். உன் சீரு குத்துவிளக்கோட நிக்கட்டும்.”

இந்நிலையில்தான் தமிழ்மணி என்றொரு தரகன், புவனகிரியில் வெள்ளாற்றங்கரைப் பக்கம் ஒரு செவர்லே இன்னும் நிற்கிறது என்று செய்தி கொணர்ந்தான். இரு தரப்பிடமும் தனித்தனியே கொணர்ந்தான். நடுநிலை என்பதை அவனிடம்தான் கற்க வேண்டும்.

வண்டிக்கு உரியவர் பிரிசில்லா. அரசு மருத்துவமனை ஒன்றில் பரிசோதகராக இருந்து விலகி, சொந்தமாக ரத்தப் பரிசோதனை நிலையம் வைக்க முயன்றுகொண்டிருந்தவர். நிலையம் எழ வேண்டிய இடத்தில்தான் அவருடைய பெரியப்பா வாங்கிப்போட்ட அந்த வண்டி, தகரக் கொட்டகைக்குள் நின்றது. கொளஞ்சியப்பனார் படுதாவை விலக்கினார். அடடா, அந்தக் கோலத்தை என்னென்பது. சுறாவின் துடுப்பென விரிந்த பின்சிறகுகள்; பல்லிளித்த பேரரக்கன் வாயென முன்புறம்; உப்புக்காற்று ஓயாது முத்தமிட்டதால் மேனியெங்கும் செம்பொற்றுரு; இன்ஜின் இருந்த இடத்தில் அடைகாக்கும் கோழி.

கதவைத் திறந்து ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தார். எலி மூத்திர நெடி மூக்கில் ஏறியது. ஆனாலும் அந்த அகன்ற ஸ்டியரிங்கைப் பற்றியபோது, மாட்டுவண்டியில் முந்திரி மூட்டைமேல் படுத்துச் சந்தைக்குப் போன பையன் ஒருவன் அவருக்குள் எழுந்து உட்கார்ந்தான். கண் கலங்கிற்று. எலியாலும் இருக்கலாம்.

“எனக்குத்தான்மா இது,” என்றார்.

“நேத்து சிதம்பரத்துக்காரரும் இதே சீட்டுல உக்காந்து இதையேதான் சொன்னாரு,” என்றார் பிரிசில்லா. “ரெண்டு பேரும் ஃபோன் மேல ஃபோன் போட்டு வெலைய ஏத்திகிட்டே போறீங்க. எனக்கு வேல கெடக்கு. வெலை அப்பவே சொன்ன வெலைதான். திங்கக்கெழம கொத்தனார் வராரு. அதுக்குள்ள யாரு வண்டிய வெளிய எடுக்கிறீங்களோ அவுங்களுது.”

வில்லை முறித்தவர்க்கு மாலை என்பது போல வண்டியை நகர்த்தியவர்க்கு வண்டி என்றானது. ஞாயிறு காலை கொளஞ்சியப்பனார் முன்வாசலில் டிராக்டரோடு தோன்றினார். கொட்டகையின் பின்தட்டியைப் பிரித்துக் காலிமனை வழியே திருநாவுக்கரசர் ஜேசிபியோடு தோன்றினார். இருபுறமும் புகை கக்கின எந்திர யானைகள். தெருவே மதில்மேல் ஏறியது. மாமனாகிய கொளஞ்சியப்பனார் படை குனிந்து, வண்டியின் அடிச்சட்டத்தில் இரும்புச் சங்கிலி பூட்டியது. மச்சான் படை சன்னல்கள் வழியே பட்டையை விட்டுக் கூரையோடு சேர்த்துக் கட்டியது.

“ரெண்டு பக்கமும் இழுத்தா வண்டி தாங்காதுங்க. ஒருத்தராவது அவுருங்க,” என்றார் பிரிசில்லா.

“அவன அவுக்கச் சொல்லும்மா.”

“அவுர அவுக்கச் சொல்லுங்க மேடம்.”

இழுத்தார்கள். ஆழிப்பேரலையும் சூறைக்காற்றும் எதிரெதிர் மோதினாற்போல், இரு மலைகள் ஒரு மடுவுக்காக மல்லாடினாற்போல், டிராக்டர் முன்கால் தூக்கிக் கனைக்க, ஜேசிபி நெடுங்கையை உயர்த்திப் பிளிற, கோழி இனத்தின் பெருமைக்கு இழுக்கு வராத வகையில் பறந்து வெளியேற, கொட்டகை நடுங்கிற்று. துருவேறிய ஆணிகள் ஒவ்வொன்றாய் உயிர் விட்டன. பெரியதோர் ஓலத்துடன் செவர்லேயின் மேனி அதன் எலும்பைவிட்டுக் கழன்றது. அடிச்சட்டம் நான்கு சக்கரத்தோடு தெருப்பக்கம் உருண்டது. கூரையும் கதவும் சிறகும் சேர்ந்த உடற்கூடு காலிமனைப்பக்கம் தொங்கியது.

தூசி அடங்கியதும் தொடங்கியது தத்துவப்போர். சக்கரம் உள்ளதே வண்டி, ஆகவே வென்றவன் நான் என்றார் மாமன். கண்ணால் கண்டு கார் என்று சொல்லத்தக்கதே கார், ஆகவே வென்றவன் நான் என்றார் மச்சான். உடலா உயிரா, உருவமா உள்ளீடா என்று ஞானியர் காலங்காலமாய்த் தடுமாறிய கேள்வியை இருவரும் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு நடுத்தெருவில் விவாதித்தனர். இந்த ஞானத்தில் ஒரு துளியை இழுப்பதற்கு முன் செலவிட்டிருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

“பாதிப் பாதி எடுத்துக்கிட்டு ஒட்ட வெச்சிக்கலாமே மாமா,” என்று மச்சான் சற்றே இறங்கிவந்தார்.

“உன் பாதிய எனக்குக் குடு. நான் ஒட்டிக்கிறேன்.”

“அப்ப வேணாம்.”

பிரிசில்லா காலியான கொட்டகைக்குள் போய், நாலாபுறமும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். அவர் முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பு தெரிந்தது.

“ரெண்டு பேருமே வெளிய எடுத்துட்டீங்க. ரொம்ப தேங்க்ஸ். ஆளுக்குப் பாதி வெலைய குடுத்துட்டு, ரோட்ட அடைக்காம ஓரமா போடுங்க.”

எட்டுத்திக்கும் அஞ்ச வந்த இரு பெருவீரரும் தலை கவிழ்ந்து பணத்தைக் கொடுத்து, ஒருவரையொருவர் நோக்காது ஒரே தெருவில் எதிரெதிர்த் திசையில் ஏகினர்.

மறுநாள் பழைய இரும்புக்காரர் வந்து தெருவோரம் கிடந்த இரண்டு பாதியையும் ஒரே டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனார்.