ஆறாம் வகுப்பு எழுதாத ஒரு வரி

எனக்குச் சொல்லிக்கொடுக்க வராது. எந்த ஆசிரியையும் இதை லேசில் ஒப்புக்கொள்ள மாட்டாள். நான் ஒப்புக்கொள்கிறேன். திருத்தங்கல் ரயில்வே கேட் வரைக்கும் என் பெயர் பரவியதே, நான் ஒன்றைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டதால்தான்.

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டு, சித்தப்பாவின் அச்சகத்தில் இரண்டு வருஷம் காலண்டர் தேதிகளை டைப் அடித்துக்கொண்டிருந்தேன். (எந்த மாதம் எந்தக் கிழமையில் பிறக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஒருத்தரும் கேட்டதில்லை.) அதிலிருந்து தப்பித்து, திருத்தங்கலில் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சராகச் சேர்ந்தேன். ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று சொல்லிவிட்டார் தாளாளர். தேறவில்லை என்றால் மறுபடியும் ஜனவரி, பிப்ரவரி.

சேர்ந்த கையோடு மதுரைக்கு இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மாணவர்தான் மையம், ஆசிரியர் ஓரம் என்றார் பயிற்சி கொடுத்தவர். "நீங்க சொல்லித் தராதீங்க. பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். தப்பையும் அவங்களே கண்டுபிடிக்கட்டும்." எனக்குப் புல்லரித்துவிட்டது. சும்மா இருப்பதை ஒரு கொள்கை என்று அதற்கு முன் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பள்ளியில் ஆறு கம்ப்யூட்டர், அதில் ஓடுவது நான்கு. ஆறாம் வகுப்பில் முப்பத்திரண்டு பிள்ளைகள். மின்சாரமும் நினைத்தால்தான் வரும். அதனால் நிரலைச் சார்ட்டில் எழுதி, பிள்ளைகளையே கம்ப்யூட்டராக நடிக்கவிட்டேன். "கம்ப்யூட்டர் யோசிக்காது. எழுதினதை அப்படியே செய்யும்," என்று மட்டும் சொன்னேன். என்ன நிரல் எழுதுவது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும் என்று ஓரமாக உட்கார்ந்துவிட்டேன்.

பாதிப் பிள்ளைகளின் வீட்டில் யாராவது பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள். முத்துச்செல்வி என்ற பெண்ணின் அம்மா விஸ்வநத்தத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். அவள்தான் கரும்பலகைக்கு வந்து விறுவிறுவென்று சொன்னாள், மற்றவர்கள் சார்ட்டில் எழுதினார்கள்.

1. புகை வந்தால், கையில் இருப்பதைக் கீழே போடு.
2. வாளி மண்ணைக் கொட்டு.
3. ஓடு.
4. திரும்பிப் பார்க்காதே.
5. மறுபடியும் மூன்றுக்குப் போ.

பார்த்ததும் எனக்குப் பிழை தெரிந்துவிட்டது. எப்போது நிற்பது என்று எழுதவில்லை. வாய் வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். (மதுரை ஞாபகம்.) ஒத்திகையைக் கடைசிப் பீரியடில் வைத்தேன். ஓட ஆரம்பித்ததும் மணி அடித்தது, எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பிழை பிழையாகவே இருந்தது.

ஆறு மாதம் முடிகிற வாரத்தில் புது கம்ப்யூட்டர் அறைக்குத் திறப்பு விழா. தாளாளர் பட்டு வேட்டியில் வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு எல்லாரும் உள்ளே போனோம். பூத்தட்டோடு முத்துச்செல்வி முன்னால் நின்றாள். மூலையில் பள்ளி விதிப்படி இரண்டு சிவப்பு வாளிகளில் மண். தாளாளர் முதல் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைத்து, பொட்டு வைத்து, தட்டில் சூடத்தை ஏற்றினார். சாம்பிராணியும் சேர்ந்து நல்ல புகை.

பூத்தட்டு கீழே விழுந்த சத்தம் கேட்டது. முதல் வரி என்று என் மண்டையில் உறைப்பதற்குள் இரண்டாவது வரி முடிந்துவிட்டது. சூடம், தட்டு, கீபோர்டு, பட்டு வேட்டி எல்லாவற்றின் மேலும் மண். அடுத்த நொடி அறையில் ஒரு பிள்ளை இல்லை.

விருந்தாளிகளுக்காக வாசல் கேட்டைத் திறந்து வைத்திருந்தார்கள். பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்த வாட்ச்மேன் அண்ணன் பழைய பட்டாசுத் தொழிலாளி, அவரும் கூடவே ஓடினார். ("ஏன் ஓடுதுகன்னு நின்னு கேட்டுக்கிட்டா இருக்க முடியும்?" என்று பிறகு விளக்கம் கொடுத்தார்.) நான் புதுப் பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெறுங்காலோடு பின்னால் ஓடினேன். "நில்லுங்க, நில்லுங்க" என்று கத்தினேன். யாரும் திரும்பவில்லை. நாலாவது வரி.

அவர்களை நிறுத்தியது ரயில்வே கேட். கூட்ஸ் வண்டிக்காக மூடியிருந்தது. நான் போய்ச் சேர்ந்து எண்ணினேன். முப்பத்தொன்று. மறுபடி எண்ணினேன். அப்போதும் முப்பத்தொன்று. வேலை, காலண்டர் ஒன்றும் ஞாபகம் இல்லை. மூன்றாவது தடவை முப்பத்திரண்டு வந்தது. நடுரோட்டில் நின்று அழுதேன்.

"அழாதீக டீச்சர்," என்றாள் முத்துச்செல்வி. "நில்லுன்னு ஒரு வரி எழுதணும். இப்பத்தான் தெரியுது."

அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள்.

மறுநாள் காலை தாளாளர் அறையில் நின்றேன். சார்ட்டை மேஜையில் விரித்து வைத்திருந்தார். "இந்தத் தப்பு உங்க கண்ணுல படலயாம்மா?" என்றார். பட்டது என்றேன். பொய் சொல்லியிருக்கலாம், தோன்றவில்லை. அந்த நேரம் முத்துச்செல்வியின் அம்மா வந்தார். வேலைக்குப் போகும் வழி, கையில் தூக்குச்சட்டி. திட்டத்தான் வந்திருக்கிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"டீச்சர வையாதீக சார். நாந்தான் எம்புள்ளைக்கு அப்படிச் சொல்லிக்குடுத்தேன். எங்க கம்பெனியில ஓடுன்னுதான் சொல்லுவாக. எம்புட்டுத் தூரம்னு யாரும் சொன்னதில்ல. மூச்சு இருக்க மட்டும் ஓடுவோம்."

தாளாளர் சார்ட்டைத் தன் பக்கம் திருப்பினார். பிறகு பேனாவை எடுத்து முதல் வரிக்கு மேலே எழுதினார்: 'சூடம் என்றால், கும்பிடு.' ஐந்தாவது வரிக்கு மேலே இன்னொன்று: 'மைதானத்து வேப்பமரம் வந்தால், நில்.' பேனாவை மூடிவிட்டு, "இத இன்னைக்கே ஓடவிட்டுப் பாருங்க. நானும் வாறேன்," என்றார்.

அன்று மாலை வேப்பமரத்தடியில் முப்பத்திரண்டு பேரும் மூச்சிரைக்க நின்றார்கள். வாட்ச்மேன் அண்ணனும் நின்றார். என் வேலையும் போகாமல் நின்றது. அந்தக் கீபோர்டு மட்டும் நான் அங்கே இருந்தவரை நறநறவென்றுதான் பேசியது.

இப்போது என் வீட்டில் ஆயுத பூஜைக்குச் சூடம் ஏற்றினால், என் கணவர் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் மண்ணை வைத்துவிட்டு வாசல் பக்கம் போய் நின்றுகொள்வார். "எதுவரைக்கும் ஓடணும்மா?" என்று கேட்பாள் மகள்.

"வேப்பமரம் வரைக்கும்," என்பேன். அதைச் சொல்லாமல் நான் இப்போது சூடம் ஏற்றுவதில்லை.