மொச்சைக் குழம்பும் பீட்டர் துரையும்

யாராவது ஒல்லியாக இருந்தால் அவருக்குப் பசி என்று நானே முடிவு கட்டிவிடுவேன். கேட்கமாட்டேன். இந்தக் குணத்தால் ஒரு வெள்ளைக்கார விமானியையும், பிரசவ வலியில் துடித்த என் மனைவியையும் ஒரே நேரத்தில் ஆகாயத்தில் வைத்து வதைத்தவன் நான்.

மலாயாவில் வெள்ளைக்காரர் ஆட்சி, அவசரகாலம். பகாவ் ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். (பேனா பிடிக்கிறவன் என்ற தலைக்கனம் தனி.) தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகள் கைக்குப் போய்விடும் என்று கேட்டைத் தாண்டி ஒரு பிடி சோறுகூடக் கொண்டுபோக விடமாட்டார்கள். கேட்டுக்கு வெளியே சின்ன விமானம் இறங்க ஒரு புல்தரை. ராணுவத்துக்காகக் காட்டை வேவு பார்க்கும் பீட்டர் துரை வாரம் ஒருமுறை அங்கே இறங்கி, மானேஜர் பங்களாவில் தங்கிப் போவார்.

ஆள் கொக்கு மாதிரி இருப்பார். கிளம்புகிற காலையில் அவர் சாப்பிடுவது இரண்டு துண்டு வாட்டிய ரொட்டி, ஒரு அவித்த முட்டை. பங்களாவில் வறுமையா, இல்லை சமையல்காரன் சரியில்லையா என்று நான் மண்டையைக் குடைந்துகொண்டேன். இரண்டு முறை வீட்டுக்குக் கூப்பிட்டேன். சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார்.

மூன்றாம் முறை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது கொஞ்சம் யோசித்தார். மறுநாள் காலைவரை பறக்கிற வேலை இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்துவிட்டார். என் மனைவி செல்லம்மா நிறைமாதம் என்பதால் நானே சமைத்தேன். ரேஷன் அரிசி அரை வயிற்றுக்குத்தான் காணும். மீதியை வீட்டுப் பின்னால் விளைந்தவற்றால் நிரப்பினேன்: மொச்சைக் குழம்பு, முள்ளங்கிப் பொரியல், அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு. அவர் கையால் இலையை மறைத்தார். கையை நகர்த்திவிட்டு ஊற்றினேன். துணைக்கு நானும் அதே அளவு சாப்பிட்டேன்.

கை கழுவிவிட்டுத் திரும்பினால் செல்லம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் ஓடிவந்து பார்த்தார். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் இரண்டு உயிரும் தப்பும் என்றார். அன்று காலைதான் சாலையில் கம்யூனிஸ்டுகள் ஒரு லாரியைச் சுட்டிருந்தார்கள். ராணுவம் பாதையை மூடிவிட்டது. எல்லோரும் பீட்டர் துரையைப் பார்த்தோம். அவர் தன் வயிற்றைப் பார்த்தார்.

"கிராணி, பறப்பதற்கு முன்னால் நான் மொச்சை தொடமாட்டேன். மேலே போகப் போக வயிற்றிலிருக்கும் காற்று உப்பும்" என்றார். நான் அழ ஆரம்பித்தேன். "அழாதே. உன் மனைவியைத் தூக்கிக்கொண்டு வா."

அந்த இரண்டு துண்டு ரொட்டியின் அர்த்தம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

செல்லம்மா அவர் பக்கத்தில், நான் பின்னால் மடங்கி உட்கார்ந்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கோலாப்பிலா தாண்டி மலை வந்ததும் மேலே ஏறவேண்டியிருந்தது. மொச்சையும் ஏறியது. பீட்டர் துரை இடுப்புப் பெல்ட்டைத் தளர்த்தினார். நெற்றியில் வேர்வை கொட்டியது, ஆனால் விமானத்தின் கைப்பிடியைப் பிடித்த கை அசையவில்லை. என் வயிறு பறை மாதிரி விறைத்துவிட்டது. எஞ்சின் சத்தம் பல விஷயங்களை மறைத்தது. வாசனையை அதால் மறைக்க முடியவில்லை. மூன்று பேருக்கும் வயிற்று வலி. அதில் ஒருத்திக்குத்தான் நியாயமான காரணம்.

நான் முனகிய முனகலில் செல்லம்மா பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினாள். "ஏங்க, பெறப்போறது நீங்களா நானா?"

சிரம்பானில் இறங்கியபோது, தோட்டத்திலிருந்து முன்பே தகவல் போயிருந்ததால், ஒரே ஒரு ஸ்டிரெச்சரோடு இரண்டு சிப்பந்திகள் காத்திருந்தார்கள். செல்லம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நானோ கதவைத் திறந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டு விழுந்தேன். அவசரத்தில் என்னைத் தூக்கிக் கிடத்தி, ஆஸ்பத்திரி வண்டியை நோக்கி நடக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். (வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஏப்பம்தான் வந்தது.) பின்னாலேயே பீட்டர் துரை, கூன் விழுந்தவர் போல வளைந்தபடி, என் மனைவியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். என்னை இறக்கிவிட்டு அவளைக் கிடத்தினார்கள்.

அறுத்துத்தான் எடுத்தார்கள். பெண் பிள்ளை. தாயும் பிழைத்தாள். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர்.

நன்றி சொல்ல வெளியே ஓடினேன். ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் முழங்காலை மடக்கிப் படுத்திருந்தார் அந்த மனிதர். முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டோம். நான் அவர் காலருகே உட்கார்ந்துவிட்டேன். பெண்ணா என்று கேட்டார். தலையாட்டினேன்.

"நல்லது. இனிமேல் என்னைக் கேட்டுவிட்டுப் பரிமாறு" என்றார்.

சில மாதங்களில் அவரை வேறெங்கோ மாற்றிவிட்டார்கள். எங்கே என்று எனக்குத் தெரியாது. எங்கிருந்தாலும் அவர் வயிறு குளிர்ந்திருக்கவேண்டும் என்று நினைக்காத நாளில்லை.

அந்தப் பெண் இப்போது சிரம்பான் லோபாக்கில் குடும்பம் நடத்துகிறாள். அவள் பிறந்தநாளுக்கு எல்லோரும் அங்கேதான் கூடுவோம். செல்லம்மா கதையை ஆரம்பத்திலிருந்து சொல்வாள், ஒன்றையும் விடமாட்டாள். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மருமகன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்.

"நிக்காதீங்க மாமா, உக்காருங்க லா. பெத்த உடம்பு."