நவநீதனின் ரசனை உருவான வரலாறு

உலகத்தில் ரசனை என்று ஒன்று இருக்கும்வரை ஆம்பூரின் பெயரும் நவநீதனின் பெயரும் அழியாது. இதைச் சொல்வது நானல்ல. அவன் வேலை பார்க்கும் ஏற்றுமதிக் கம்பெனியின் எச்.ஆர். மேனேஜர் கோதண்டராமன் சொன்னது. வாய்வார்த்தையாக அல்ல, லெட்டர்பேடில் எழுதி, கீழே சீலும் குத்தினார். சீல் குத்திய விஷயம் பொய்யாக இருக்காது என்பது நம் நாட்டின் நம்பிக்கை.

நவநீதன் அந்தக் கம்பெனியின் ஷூ டிசைனர். வயது இருபத்தொன்பது. வேலூர் சத்துவாச்சாரியில் வளர்ந்து, சென்னையில் இரண்டு வருஷம் காலணி வடிவமைப்பு படித்துவிட்டு, தினமும் ஆம்பூருக்குப் பஸ் ஏறி வருபவன். போன வருஷம் பெண்களுக்காக ஒரு ஷூ வரைந்தான். அழகான ஷூ. குதிகாலைக் கடிக்கும் என்பதைத் தவிர அதில் ஒரு குறையும் கிடையாது.

கடிக்கும் என்று கண்டுபிடித்தவள் ஷஹீன் பானு. சாம்பிள் ரூமில் தையல் மெஷினில் உட்காருபவள். அவளுடைய கால் அச்சில் வார்த்த மாதிரி சரியாக முப்பத்தேழாம் நம்பர். அங்கே பெண்கள் ஷூவின் சாம்பிள் எல்லாம் அந்த ஒரே அளவில்தான் தைப்பார்கள். ஆகவே பதினோரு வருஷமாகக் கம்பெனியின் ஒவ்வொரு புது ஷூவும் முதலில் ஏறுவது அவள் காலில்தான். போட்டுக்கொண்டு பத்தடி நடப்பாள், திரும்புவாள், உட்கார்ந்து எழுவாள், எங்கே இடிக்கிறது என்று சொல்லிவிட்டுக் கழற்றிக் கொடுப்பாள். மொத்தம் மூன்று நிமிஷம். பிறகு தன் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு மெஷினுக்குத் திரும்பிவிடுவாள்.

“இன்னா சார் இது, பின்னால கவ்வுது?” என்றாள்.

“டிசைனே அப்படித்தான்க்கா. ஷார்ப் லைன்.”

“லைன் ஷார்ப்பாதான் கீது. என் கால்ல ரத்தம் வருதே!”

நவநீதன் கலைஞனுக்குரிய வேதனையுடன் ரத்தத்தைப் பார்த்தான். மறுநாள் சாம்பிள் அனுப்பியாக வேண்டும். “நீங்களே ஏதாவது பண்ணிப் பாருங்கக்கா. இது மட்டும் ஓகே ஆச்சுன்னா ஒரு ஜோடி உங்களுக்குத்தான்.”

“நெஜமாவா? போட்டுக்கினு ரோட்ல போலாமா?”

“தாராளமா.”

“பதினோரு வருஷமா போட்டுப் போட்டுக் கழட்டிக்கினே இருக்கேன் சார். ஒண்ணே ஒண்ணு போட்டுக்கினு கேட்லேர்ந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடக்கணும். வேற ஒண்ணும் வேணாம்.”

அன்று சாப்பாட்டு வேளையில் ஷஹீன் பானு, குப்பைக்குப் போகவிருந்த மெத்தென்ற ஆட்டுத்தோல் துண்டு ஒன்றை எடுத்து, ஷூவின் பின்விளிம்பில் பிறை மாதிரி மடித்து வைத்துத் தைத்தாள். மெஷினில் ஆரஞ்சு நூல் இருந்தது. அதிலேயே தைத்துவிட்டாள். ஷூ கடிப்பதை நிறுத்தியது.

இரண்டே வாரத்தில் ஐரோப்பாவிலிருந்து, ஷூக்களை மொத்தமாக வாங்கும் பையரின் மெயில் வந்தது. ஷூவைப் பற்றி ஒரு வரி. பின்னால் இருக்கும் ஆரஞ்சு நூல் மடிப்பைப் பற்றிப் பதினான்கு வரி. ‘இந்த ரசனை எங்கிருந்து பிறந்தது? டிசைனரின் பாரம்பரியமும் நகர வாழ்க்கையும் அதை எப்படி உருவாக்கின? எழுதி அனுப்புங்கள், ஒவ்வொரு பெட்டியிலும் ஓர் அட்டையாக வைக்க வேண்டும்.’

மெயில் ‘டிசைனர் அவர்களுக்கு’ என்று வந்திருந்தது. கம்பெனியில் டிசைனர் ஒருவன்தான். அவன்தான் படித்தான், அவன்தான் ‘நன்றி’ என்று பதில் போட்டான். இதில் தப்பு எங்கே இருக்கிறது என்று நானும் தேடிப் பார்த்துவிட்டேன்.

உடனே ‘பாரம்பரியம் கண்டறியும் குழு’ அமைக்கப்பட்டது. தலைவர், முதலாளி அப்துல் வஹீத். செயலாளர், கோதண்டராமன். கண்டறியப்பட வேண்டியவன், நவநீதன்.

“உங்க தாத்தா இன்னா பண்ணிட்டிருந்தாரு?” என்று விசாரணையைத் தொடங்கினார் கோதண்டராமன்.

“ஒரு தாலுகா ஆபீஸ்ல பியூன் சார்.”

“அது கெடக்கட்டும்யா. நெசவு, சிற்பம், கூத்து… எதாச்சும்?”

“இல்ல சார். மனு கொண்டாறவங்ககிட்ட எல்லாம் ‘மேலிடத்துல கேட்டுச் சொல்றேன், நாளைக்கு வாங்க’ன்னுவாரு. முப்பத்தாறு வருஷம் அதையே சொல்லி ரிட்டயர் ஆனாரு. ஒரு மெமோ கூட வாங்கினதில்ல.”

“அதெல்லாம் பாரம்பரியத்துல வராது.”

“பிரியாணியப் போடுங்களேன்,” என்றார் அப்துல் வஹீத். “ஆம்பூர்னா அதானே?”

“ஷூ பெட்டியத் தொறந்தா பசிக்கக் கூடாது சார்.” கோதண்டராமன் கண்ணை மூடினார். திறந்தபோது அவர் முகத்தில் ஒளி இருந்தது. “பாலாறு! இவன் பாலாத்தங்கரையில வளந்தவன். அலையோட வளைவப் பாத்துப் பாத்துதான் அந்த மடிப்பு. தண்ணியில கரையற சூரியன்தான் அந்த ஆரஞ்சு நூலு.”

நவநீதன் பாலாற்றில் மணலையும் முள்ளுச்செடியையும் பார்த்து வளர்ந்தவன். “சார், அதுல தண்ணி ஓடி நான் பாத்ததே ரெண்டு மூணு தடவதான்.”

“பாத்தியா இல்லியா? பாத்தாச்சுன்னா பாரம்பரியம். அடுத்தது நகர வாழ்க்கை. மெட்ராஸ் உனக்கு இன்னா கத்துக்குடுத்துச்சு?”

நவநீதன் யோசித்தான். “மேன்ஷன்ல இருந்தேன் சார். ஒருநாள் பக்கத்து ரூம்காரனைச் சாமானோட வெளிய தள்ளினாங்க. நான் எழுந்து போகப் பார்த்தேன். என் ரூம்மேட்டு, ‘ஹெட்செட்ட மாட்டிக்கடா, கண்டுக்காத’ன்னான். மாட்டிக்கிட்டேன். அப்புறம் ரெண்டு வருஷம் ஒரு பேஜாரும் இல்ல.”

“இதுவும் வராது. ‘மாநகரத்தின் துடிப்பு’ன்னு எழுதிக்கிறேன்.”

அட்டை அச்சானது. மேல்பாதியில் நவநீதனின் முகம். கீழ்ப்பாதியில் ஷூ போட்ட கால். கால் யாருடையது என்று அட்டை சொல்லவில்லை, இடம் போதவில்லை. கடைசி வரி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது: ‘பாரம்பரியமும் நகர வாழ்க்கையுமே இவரை இவராக்கின.’

ஆர்டர் வந்தது. நவநீதன் ‘கிரியேட்டிவ் ஹெட்’ ஆனான். சுழல் நாற்காலி, கம்பெனி வேனில் முன்சீட்டு, கேட் பாஸில் கையெழுத்துப் போடும் அதிகாரம் ஆகியவை அவனுக்கு வழங்கப்பட்டன. கடைசியாகச் சொன்னதுதான் பெரிய மரியாதை. கேட் பாஸ் இல்லாமல் அங்கிருந்து ஒரு ஆணிகூட வெளியே போகாது.

ஷஹீன் பானு வந்து வாசலில் நின்றாள். “சார், அந்த சாம்பிள் ஜோடி ரேக்லயே கீது. நீங்க சொன்னீங்களே…”

“அட, போட்டுக்கிட்டுப் போங்கக்கா!” என்றான் நவநீதன். பெரிய மனசுக்காரன். வாயால் எதையும் கொடுத்துவிடுவான்.

அன்று சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அவள் அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு கேட்டுக்கு வந்தாள். பழைய ரப்பர் செருப்பைச் சாம்பிள் ரூம் குப்பைக்கூடையில் போட்டுவிட்டே வந்தாள். அவள் நடையைப் பார்த்து லைனில் நின்ற பெண்கள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். செக்யூரிட்டி தனகோடி மட்டும் சிரிக்கவில்லை.

“கேட் பாஸ்?”

“ஹெட் சாரே சொன்னாரு.”

ஹெட் சார் அப்போதுதான் வேனில் ஏறப் போய்க்கொண்டிருந்தான். தனகோடி புத்தகத்தோடு ஓடினார். “சார், ஒரு கையெழுத்து. இந்தக் கட்டத்துல, எதுக்காகக் குடுக்கறோம்னு ஒரு வரி எழுதிடுங்க. காப்பி எச்.ஆருக்குப் போவும்.”

நவநீதன் பேனாவைத் திறந்தான். எழுத வேண்டியது மூன்றே சொல்: ‘மடிப்பு இவர் வைத்தது.’ அது கோதண்டராமனுக்குப் போகும். அவரிடமிருந்து முதலாளிக்கு. அங்கிருந்து பையருக்கு. அப்புறம் அட்டையில் யார் முகம்? வேறு எதை எழுதினாலும், ‘இவங்களுக்கு மட்டும் ஏன்?’ என்று கேள்வி வரும். அவனுக்கு வெட்கமாக இருந்தது. உண்மையிலேயே இருந்தது, அதை நான் மறைக்க மாட்டேன்.

“எழுதுங்க சார், பஸ்ஸு போய்டும்,” என்றாள் ஷஹீன் பானு.

அவன் வாயைத் திறந்தான். யோசிக்காமலே வந்தது.

“மேலிடத்துல கேட்டுச் சொல்றேன்க்கா. நாளைக்கு வாங்க.”

அவள் அவனை ஒருமுறை பார்த்தாள். தனகோடியின் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கழற்றி, தூசியைத் தன் துப்பட்டாவாலேயே துடைத்து அவரிடம் கொடுத்தாள்.

“செருப்பு எங்கம்மா?” என்றார் தனகோடி.

“நம்பிக் கடாசிட்டேன்ணே.”

வெறுங்காலோடு ரோட்டில் இறங்கி நடந்தாள். கம்பெனி வேன் அவளைத் தாண்டிப் போனபோது முன்சீட்டில் இருந்த நவநீதன் பையிலிருந்து ஹெட்செட்டை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டான்.

அந்த அட்டை இன்றும் பெட்டி பெட்டியாகக் கடல் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. பாலாற்று அலையை யாராவது சந்தேகப்பட்டால் படட்டும். ஆனால் அந்தக் கடைசி வரியில், பாரம்பரியமும் நகர வாழ்க்கையுமே இவரை இவராக்கின என்பதில், ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. அன்று கேட்டில் நின்ற நானூறு பெண்களும் சாட்சி.